நான்கு நிமிடச் சோறு

திருப்பூரில், பன்னிரண்டு வீடுகளுக்கும் சேர்த்து ஒரே நீளமான சிமெண்ட் ஷீட் கூரையும், பன்னிரண்டு வீடுகளுக்கும் சேர்த்து ஒரே தண்ணீர்க் குழாயும் இருந்த ஒரு லைன் வீட்டில், ஆடி முடிந்து வந்த முதல் திங்கட்கிழமை, இரவு ஏழே முக்கால் மணிக்கு, குழந்தைகளின் தட்டில் விழுந்த சாப்பாடெல்லாம் ஏற்கெனவே மெல்லப்பட்டதாக இருந்தது.

அடுப்பில் இருந்தவரை தோசை தோசையாகத்தான் இருந்தது, ஓரம் சிவந்து, திருப்பிப் போட்டபோது சரியாகப் புரண்டு, கரண்டியில் ஏறி, அதுவரை எந்தக் குறையும் இல்லாமல் வந்து, பிள்ளையின் தட்டைத் தொட்ட அந்த நொடியில் தொய்ந்து, குழைந்து, வாயின் சூட்டோடும் ஓரத்தில் சிறு நுரையோடும், விரலால் எடுத்தால் நூல் இழுக்கும் பதத்தோடும் கிடந்தது. ஒன்றாம் நம்பர் வீட்டில் பாக்கெட் மாவுத் தோசை அப்படி ஆனது. நான்காம் நம்பர் வீட்டில் சேமியா உப்புமா. ஒன்பதாம் நம்பர் வீட்டில் நூடுல்ஸ். பன்னிரண்டாம் நம்பர் வீட்டில் அன்று சமைக்கத் தெம்பில்லாமல் கடையில் கட்டிவந்த பரோட்டாகூட. பெரியவர்களின் தட்டுகளில் எல்லாம் எப்போதும்போல் முழுசாக இருந்தன. குழந்தைக்கென்று எடுத்தால் மட்டுமே இப்படி. அம்மா தன் தட்டில் வைத்திருந்து, குழந்தை பார்க்காத நேரத்தில் எடுத்து நீட்டினாலும், அது உதட்டருகே போகும்போது மென்றதாகிவிட்டது.

அன்று இரவு பன்னிரண்டு பெண்களில் ஏழு பேர் வாந்தி எடுத்தார்கள். எல்லாத் தட்டுகளும் குழாயடிச் சாக்கடையில் கவிழ்ந்தன. பிள்ளைகள் பாலும் ரொட்டியுமாகச் சாப்பிட்டுப் படுத்தார்கள், ரொட்டியும் பாலில் விழுமுன்பே கூழாக இருந்தது. செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் பசியில் அழுதார்கள், பசியில் அதையே தின்றார்கள், அம்மாக்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஊட்டினார்கள். புதன்கிழமை நான்காம் நம்பர் வீட்டுக்காரி தற்செயலாகக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டாள்.

ஊட்டி முடிக்க நான்கு நிமிடம் ஆகியிருந்தது.

இந்த நான்கு நிமிடத்தின் அருமை புரிய வேண்டுமானால், அதற்கு முந்தைய இரவுகளைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை செய்தார்கள். ஏழு மணிக்கு வேலை விட்டு, ஏழு இருபதுக்குக் கம்பெனி வேன் அவர்களை லைன் வாசலில் இறக்கிவிட்டால், அதற்கு மேல் அடுப்பைப் பற்றவைத்து, எதையோ கிண்டி, எதையோ வார்த்து, ஒரு பிள்ளையை மடியில் இருத்தி, செல்போனில் பொம்மைப் படம் போட்டுக்காட்டி, போலீஸ் வருகிறார் என்று பயமுறுத்தி, நிலாவைக் காட்டி, ஒரு வாய், ஒரே ஒரு வாய், இதுதான் கடைசி வாய் என்று ஐம்பது கடைசி வாய் கெஞ்சி, கன்னத்தில் அதக்கிவைத்திருப்பதை விழுங்கு விழுங்கு என்று தொண்டை வறள, முக்கால் மணி நேரம் ஆகும், ஒன்றே கால் மணி நேரம்கூட ஆகும். இரண்டு பெண்கள் பிசைந்த சோற்றில் கை இருந்தபடியே உட்கார்ந்து தூங்கியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு நான்கு நிமிடம் கிடைத்தது. பிள்ளைகள் வாயைத் திறந்தார்கள், விழுங்கினார்கள், எட்டு மணிக்குத் தூங்கினார்கள்.

ஆகவே அடுத்த வாரத்துக்குள் அருவருப்பு தீர்ந்துபோயிற்று. லைன் முனையில் வேப்பமரத்தடியில் நின்ற கருப்பராயன்தான் பிள்ளைகளுக்கு மென்று தருகிறான் என்று ஒருத்தி சொன்னாள், வேறு காரணம் யாருக்கும் தேவைப்படவில்லை. யாரோ ஒரு புண்ணியவதி, மெல்லுகிற வாய் சுத்தமாக இருக்கட்டும் என்று, கருப்பராயன் முன்னால் ஒரு புது டூத் பிரஷும் பேஸ்ட்டும் வைத்துவிட்டுப் போனாள். சாமி பல் விளக்கியதாகத் தெரியவில்லை; பேஸ்ட்டை எறும்பு மொய்த்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கம்பெனி விடுமுறை, அன்று மட்டும் சாப்பாடு முழுசாகவே இருந்தது. சாமிக்கும் வாரத்தில் ஒரு நாள் லீவு வேண்டாமா என்றார்கள்.

அருவருப்பு போன இடத்தில் குறை சொல்லும் பழக்கம் வந்து உட்கார்ந்தது. குழாயடியில் குடம் நிறையும் நேரத்தில் அதுதான் பேச்சு.

"நேத்து சேமியா சரியா மெல்லவே இல்லக்கா. நாலு முந்திரி முழுசாக் கெடந்துது."

"என்ற வீட்ல பரவால்ல. நல்லா மையா வந்துது. கொஞ்சம் சளி வாசம் அடிச்சுது, அவ்வளவுதான்."

"வசந்தாமணி வீட்டப் பாருங்க. அவ பையனுக்கு மட்டும் படிச்ச வாயி. கறிவேப்பிலையெல்லாம் தட்டு ஓரத்துல வரிசையா ஒதுக்கி வெச்சிருக்குது."

ஏழாம் நம்பர் வீட்டு வசந்தாமணி, தையல் மிஷினில் வேலை செய்பவள், குரலும் கையும் வேகமானவள், இதைக் கேட்டுப் பெருமையாகச் சிரித்தாள். தன் பையன் கிஷோர் மேல் சாமிக்குத் தனிப் பிரியம் என்று சொன்னாள்.

பன்னிரண்டு பேரில் ஒருத்தி மட்டும் பழகிக்கொள்ளவில்லை. ஆறாம் நம்பர் வீட்டு இந்திராணி. கம்பெனியில் அவள் செக்கிங் டேபிளில் நிற்பவள். தைத்து வரும் பனியனை விரித்துப்போட்டு, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், ஊசி ஓட்டை என்று எது கண்ணில் பட்டாலும் அதன்மேல் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது அவள் வேலை. பத்து வருடமாகக் கறையையே பார்த்துப் பழகிய கண். அந்தக் கண்ணோடு அவள் தன் ஆறு வயதுப் பெண் தாரணிக்குத் தினமும் அந்தக் கூழை ஊட்ட வேண்டியிருந்தது. கையால் தொட முடியாமல் ஸ்பூன் வாங்கினாள். ஸ்பூனிலும் அது நூல் இழுத்தது. ஊட்டி முடித்ததும் தனக்குப் போட்டுவைத்த தோசையைத் தின்னப் பிடிக்காமல் பல நாள் தண்ணீர் குடித்துப் படுத்தாள்.

அவள் கணவன் துரைசாமி வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எதையும் அளந்து வெட்டுபவன், பேச்சையும் அப்படித்தான்.

"கிரைண்டர்ல அரைக்கறோம். மிக்சில அடிக்கறோம். இது வாயில அரைச்சது. அவ்வளவுதான வித்தியாசம்?"

"அப்ப நீங்க ஒரு வாய் தின்னுங்க."

துரைசாமிக்கு அப்போதுதான் பைக்குக்குப் பூட்டுப் போடாதது ஞாபகம் வந்தது. எழுந்து வெளியே போய்விட்டான்.

கார்த்திகை மாதம் தாரணியின் பள்ளிக்கூடத்தில் பல் பரிசோதனை நடந்தது. அப்பா அம்மா யாராவது வரவும் என்று டைரியில் எழுதி அனுப்பியிருந்தார்கள், இந்திராணி அரை நாள் விடுப்புப் போட்டுப் போனாள். பல் டாக்டர் சின்ன வயதுப் பெண். தாரணியின் வாயில் டார்ச் அடித்து இந்திராணியைக் கூப்பிட்டுக் காட்டினாள். கீழ்வரிசையில் பால் பற்கள் ஆடாமல் அசையாமல் நின்றன. அவற்றுக்குப் பின்னால், விழாத பல்லுக்கு இடம் கேட்டு, புதுப் பற்கள் இரண்டாவது வரிசையாக முளைத்திருந்தன.

"வீட்ல என்ன சாப்பிடறா?"

"எல்லாம் சாப்பிடறாளுங்க."

"மென்னு சாப்பிடறாளா?"

இந்திராணி குனிந்து அந்த இரண்டாவது வரிசையை இன்னொரு தடவை பார்த்தாள்.

"கொய்யாக்கா குடுங்க, முறுக்கு குடுங்க, கடிக்க விடுங்க. பால் பல்லு தானா ஆடி விழணும். இப்பவே இவளுக்குக் கடிக்கற பழக்கமே இல்ல. முழுங்கறா. ஒரு நாள் ஏதாவது தொண்டையில மாட்டிக்கும்மா. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

டாக்டர் சொன்ன பிறகு இந்திராணி கவனித்தாள், டீச்சரிடமும் விசாரித்தாள். காலையில் பாலில் ஊறிய பிஸ்கட், மத்தியானம் பள்ளியில் தாரணி ரசஞ்சோறு மட்டும் வாங்கி விழுங்குகிறாள், முட்டையைக் கன்னத்தில் அதக்கிவைத்து மணி அடித்ததும் துப்புகிறாள். லைன் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான், டீச்சர்கள் அதைக் கவனித்து, லைன் பிள்ளைகளுக்கு முட்டையைப் பிசைந்தே கொடுக்கப் பழகியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுத் தோசையைத் தட்டில் வைத்தபோது தாரணி அதைத் தள்ளிவைத்துவிட்டு, கோபம் எதுவும் இல்லாமல், விவரம் தெரிந்தவள்போலச் சொன்னாள்:

"நாளைக்கு மென்னதே வரும்லம்மா. நாளைக்குத் தின்னுக்கறேன்."

அன்றிலிருந்து இந்திராணியின் கவலை அருவருப்போடு நிற்கவில்லை. தன் பிள்ளைக்கு மெல்லத் தெரியாமல் போகிறது. மெல்லுகிற வாய் எதுவென்று கண்டுபிடித்து அதை நிறுத்தியாக வேண்டும். கருப்பராயனிடம் போய்க் கேட்டாள். கல் கல்லாகவே நின்றது. அதன் வாயில் பல்லே செதுக்கியிருக்கவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தாள்.

ஒரு வியாழக்கிழமை, கம்பெனியில் சாயங்கால டீ முடிந்து, மணி ஆறாகப் பத்து நிமிடம் இருக்கும்போது கரண்ட் போனது. நாற்பது தையல் மிஷின்களும் ஒரே மூச்சில் நின்றன. ஜெனரேட்டர் போடுகிறவன் பீடி குடிக்கப் போயிருந்தான். அந்த இரண்டு நிமிட அமைதியில், இந்திராணி அந்தச் சத்தத்தைக் கேட்டாள். சப், சப், சப் என்று, ஈரமாக, நிதானமாக, தொழுவத்தில் மாடுகள் அசைபோடுகிற மாதிரி. சுற்றிப் பார்த்தாள். பஞ்சுத் தூசிக்காக எல்லாரும் மூக்கையும் வாயையும் துணியால் மூடியிருந்தார்கள், லைன் வீட்டுப் பெண்கள் பதினொரு பேரின் துணிகள் மட்டும் தாடை இருக்கும் இடத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. கண்கள் எங்கோ பார்த்தன. கைகள் மடியில் கிடந்தன. வாயில் ஒன்றும் இல்லாமல், மனதில் ஒன்றும் இல்லாமல், மென்றுகொண்டிருந்தார்கள்.

பதினொரு பேரை எண்ணிய பிறகுதான் தன் தாடையும் அசைவது அவளுக்குத் தெரிந்தது.

வாயில் எதுவும் இல்லை, ஆனால் ருசி இருந்தது. முட்டை. மிளகு. வெங்காயம். நாக்கின் நுனி, அவள் சொல்லாமலே, ஒரு கறிவேப்பிலையைத் தேடிப் பிடித்து உதட்டோரம் ஒதுக்கிவைத்தது. சின்ன வயதிலிருந்து அவளுக்குக் கறிவேப்பிலை ஆகாது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது, மிஷின்கள் இரைந்தன, சத்தம் மறைந்தது, மெல்லுவது நிற்கவில்லை.

பக்கத்தில் நின்றவளிடம் மெதுவாகக் கேட்டபோது, "டீக்கு அப்புறம் வாயி சும்மா அசையறது எல்லாத்துக்கும் இருக்கறதுதான? ராத்திரி தாடை வலிக்குது, டீயோட குடுக்கற பிஸ்கட் கெட்டி" என்றாள் அவள்.

அன்று இரவு இந்திராணி தன் வீட்டில் நூடுல்ஸ் கிண்டினாள், முட்டையே இல்லை. ஏழாம் நம்பர் வீட்டு வாசலில் போய் எட்டிப் பார்த்தாள். கிஷோரின் தட்டில் முட்டைத் தோசை மெல்லப்பட்டுக் கிடந்தது; ஓரத்தில் கறிவேப்பிலை வரிசையாக. இன்னும் ஆக்காத சோற்றை அவள் ஆறு மணிக்கே மென்றிருக்கிறாள், அதுவும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு. குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தாள். யாருடைய எச்சில் என்று இத்தனை மாதம் குமட்டினாளோ, அதில் ஒரு பங்கு தன்னுடையது.

திரும்பி வந்து தாரணியின் தட்டை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள், பனியனைப் பார்ப்பதுபோல. வலது பக்கம் கூழ். இடது பக்கம் நூடுல்ஸ் நீளம் நீளமாக, அரைபடாமல். இடது கடைவாயில் பல் இல்லாத ஒரு வாய் இது. போன பொங்கலுக்கு முன்னால் இடது கடைவாய்ப் பல் இரண்டையும் பிடுங்கிவிட்டு வந்து, ஒரு வாரம் வேனில் எல்லாருக்கும் வாயைத் திறந்து காட்டியவள் வசந்தாமணி.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பக்கத்து பக்கத்துச் சுவராக இருந்த நான்கு வருடத்தில் வசந்தாமணி ஒரு நாளும் இந்திராணி வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்ததில்லை. காரணத்தை யாரும் சொன்னதில்லை, யாரும் கேட்டதில்லை, எல்லாருக்கும் தெரியும்.

மறுநாள் ஆறாகக் கால் மணி இருக்கும்போது இந்திராணி வெட்டித் தள்ளிய துணிக் குவியலிலிருந்து ஒரு நீளமான வெள்ளைத் துண்டை உருவினாள். தாடைக்கு அடியில் கொடுத்து, இரண்டு காதையும் சேர்த்து, உச்சியில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். செத்துப்போனவர்களுக்கு வாய் திறந்துகொள்ளாமல் கட்டுவார்களே, அதே கட்டு. தையல் வரிசையில் இரண்டு பேர் அலறினார்கள். சூப்பர்வைசர் ஓடிவந்தார். பல் வலி என்று கையால் காட்டினாள். கட்டுக்குள் தாடை துள்ளியது, பிடித்து வைத்த கோழி துள்ளுவதுபோல. வாய்க்குள் எலுமிச்சைச் சோற்றின் புளிப்பு ஊறி ஊறி நிறைந்து, தொண்டைக்கு ஏறி, குமட்டி, பத்து நிமிடத்தில் அடங்கியது.

அன்று இரவு எட்டு மணிக்கு ஏழாம் நம்பர் வீட்டில் கிஷோர் போட்ட கூச்சல் பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்டது. வசந்தாமணி தட்டோடு வந்து ஆறாம் நம்பர் வாசலில் நின்றாள்.

"இந்திராணி, வெளிய வாடி. இதப் பாரு. முழுசு முழுசா இருக்குது."

"சோறு முழுசாத்தானக்கா இருக்கும்."

"நக்கலா பேசறயா? நீ இன்னைக்கு வாயக் கட்டுன, என்ற பையனுக்கு இன்னைக்கு இப்பிடி வருது. ரெண்டுக்கும் என்ன?"

"இத்தன நாளா உங்க பையனுக்கு மென்னது நாந்தான். கறிவேப்பிலைய ஒதுக்கி வெச்சது என்ற நாக்கு. நேத்து முட்டைத் தோசையில மிளகு கொஞ்சம் அதிகம்."

வசந்தாமணி தட்டைப் பார்த்தாள். இந்திராணியின் வாயைப் பார்த்தாள். தட்டை இடது கைக்கு மாற்றி வலது கையைச் சேலையில் துடைத்தாள், திரும்ப மாற்றி இடது கையையும் துடைத்தாள். குழாயடிக்குப் போய், தட்டைத் தேய்த்து, கையைத் தேய்த்து, தான் தின்னாத சோற்றுக்காகத் தன் வாயைப் பத்துத் தடவை கொப்பளித்தாள். இனி அவள் இந்தப் பக்கம் திரும்பமாட்டாள் என்று இந்திராணி நினைத்தாள்.

மறுநாள் காலை வேனில் வசந்தாமணி அவள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள்.

"நேத்து ஒண்ணே கால் மணி நேரம் ஆச்சு. பாதிதான் தின்னான்." குரலைத் தாழ்த்தினாள். "நீ கட்டாத. எப்பவும்போல மென்னு குடு. நான் யாருகிட்டயும் சொல்லல, நீயும் சொல்லாத."

நான்கு வருடமாக ஒரு டம்ளர் தண்ணீருக்குப் பார்த்த அருவருப்பு, ஒன்றே கால் மணி நேரத்துக்கு முன்னால் இப்படிச் சுருண்டுபோனதை இந்திராணி பார்த்தாள். தண்ணீர் குடிக்காததைவிட இது மோசமாக இருந்தது.

"என்ற புள்ளைக்கு மெல்றது நீங்கதானக்கா. எடது பக்கம் ரெண்டு பல்லு இல்லாத வாயி. நீங்களும் கட்டுங்க. அவளுக்கு மெல்லவே தெரியல."

வசந்தாமணி தன் இடது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"நான் கட்டுனா எனக்கென்ன ஆகுது? உன்ற புள்ளதான திங்காது. என்ற பையன் தின்னணும்னா நீதான் மெல்லணும். எனக்கெதுக்கு பொணக்கட்டு?"

இந்திராணி தினமும் கட்டினாள். தினமும் கட்டியும் அவள் பெண்ணுக்குக் கூழ்தான் வந்தது. பக்கத்து வீட்டில் கிஷோர் தட்டில்தான் முழுச் சோறு விழுந்தது. கிஷோர் கத்தினான், துப்பினான், தட்டைக் கவிழ்த்தான், வசந்தாமணி அவனை அடித்தாள், அவன் அழுதான், லைன் முழுக்க இந்திராணியைத் திட்டியது. மற்ற பெண்களுக்கும் விஷயம் எப்படியோ தெரிந்துபோனது, யார் வாய் யார் தட்டுக்கு என்று ஒவ்வொருத்தியும் ஒரு இரவு முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்து, மறுநாள் அந்தக் கணக்கை மறந்துவிட்டார்கள். மெல்லுவது நின்றுவிடுமோ என்பதுதான் அவர்கள் பயம். குழாயடியில் அவள் குடத்தை நகர்த்திவைத்தார்கள். வேனில் "பொணம் வருது, எடம் விடுங்க" என்றார்கள். அவள் நகர்ந்து உட்கார்ந்தாள், சாயங்காலம் மீண்டும் கட்டினாள்.

மூன்று வாரம் போயிற்று. மூன்றாம் வாரக் கடைசியில், சனிக்கிழமை இரவு, சுவருக்கு அப்பால் கிஷோரின் அழுகை கேட்காமல் வசந்தாமணி "ஆ" என்று கத்தியது மட்டும் கேட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இந்திராணி கொய்யாக்காய் நறுக்கித் தாரணிக்குக் கொடுத்தாள். நான்காவது ஞாயிறாகக் கொடுத்தாள். கடி, கடி என்று பக்கத்திலேயே உட்கார்ந்து சொன்னாள். தாரணி அம்மாவைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு துண்டை வாயில் போட்டு, தனக்குத் தெரிந்த ஒரே விதத்தில், அப்படியே விழுங்கினாள்.

துண்டு பாதி வழியில் நின்றது. தாரணியின் கண் பிதுங்கியது, சத்தம் வரவில்லை, கை காற்றில் எதையோ பிடிக்கப் பார்த்தது. துரைசாமி அவளைத் தலைகீழாகத் தூக்கி முதுகில் அடித்தான். இந்திராணி போட்ட கூச்சலில் முதலில் ஓடிவந்தவள் வசந்தாமணி. எதுவும் கேட்கவில்லை, யார் வீடு என்று பார்க்கவில்லை, இரண்டு விரலை அந்தப் பிள்ளையின் தொண்டைக்குள் விட்டாள், துழாவினாள், எச்சிலும் சளியும் வழிய வழியத் துண்டை இழுத்துத் தரையில் எறிந்தாள். தாரணி மூச்சை இழுத்து அழத் தொடங்கினாள்.

வசந்தாமணி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வலது கை ஆள்காட்டி விரலில் பல் பதிந்த தடம் கறுத்திருந்தது.

"இது நேத்து என்ற பையன் கடிச்சது. வாய்க்குள்ள திணிக்கறப்ப நறுக்குனு கடிச்சுட்டான். ரத்தம் வந்துருச்சு." தாரணியைப் பார்த்தாள். "இதே வெரலுதான இப்ப உள்ள விட்டேன். உசுரு போற நேரத்துல கூட கடிக்கலயே இந்தப் புள்ள. கடிக்கத் தெரியலயே. ஈறு மாதிரி சப்புது."

அவள் குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினாள். இந்திராணி கொண்டுவந்து நீட்டிய தண்ணீரை அன்றும் அவள் வாங்கிக் குடிக்கவில்லை.

திங்கட்கிழமை ஆறாகக் கால் மணி. இந்திராணி தன் துண்டைக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, தையல் வரிசையில் வசந்தாமணி மிஷினை நிறுத்தினாள். குனிந்து குவியலில் கையை விட்டு, ஒரு துண்டை எடுத்து, அகலம் போதாதென்று போட்டுவிட்டு, இன்னொன்றை எடுத்தாள். தாடைக்கு அடியில் கொடுத்து, உச்சியில் முடிச்சுப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முடிச்சும் போட்டாள். இந்திராணி பக்கம் திரும்பவே இல்லை. மிஷினை ஓட்டத் தொடங்கினாள். மற்ற பத்துப் பேரின் துணிகளுக்குள்ளும் தாடைகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. இன்றுவரை ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

அன்று இரவு ஆறாம் நம்பர் வீட்டில் தோசை தட்டில் விழுந்தது, தோசையாகவே கிடந்தது.

தாரணி அதைக் கரப்பான்பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"அம்மா, உவ்வே. இது யாரும் மெல்லல."

"நீதான் மெல்லணும்."

"நாளைக்கு மென்னது வருமா?"

"வராது கண்ணு. இனிமே வராது."

அதன் பிறகு ஏழு ஐம்பதிலிருந்து எட்டரை வரைக்கும், எட்டரையிலிருந்து ஒன்பது வரைக்கும், தாரணி அழுதாள், துப்பினாள், வாயை இரண்டு கையாலும் மூடினாள், தண்ணீர் கேட்டாள், மூத்திரம் என்றாள், தூக்கம் என்றாள், துரைசாமி பால் கொடுத்துப் படுக்கப் போடலாம் என்றான், இந்திராணி அவனை ஒரு பார்வை பார்த்தாள், அவன் போய் பைக்கைப் பூட்டினான், ஏற்கெனவே பூட்டியிருந்த பைக்கை. தோசை ஆறி, தோல்போல் விறைத்தது. கடைசியில், பசியா, களைப்பா, அம்மாவின் முகமா, எதுவென்று தெரியவில்லை, தாரணி ஒரு துண்டை வாயில் போட்டு, தாடையை ஒரு தடவை மூடினாள். வலித்தது. இன்னொரு தடவை மூடினாள். சப் என்று கேட்டது. அந்தச் சத்தத்துக்கு இந்திராணிக்கு மயிர்க்கூச்செறிந்தது, பயத்தில் பாதி, குமட்டலில் பாதி. மூன்றாவது தடவையில் தாரணி முகம் மாறி, "அம்மா, கல்லு" என்றாள்.

இந்திராணி கையை நீட்டினாள். தாரணி எல்லாவற்றையும் அந்தக் கையில் துப்பினாள்.

இந்திராணி அதை டியூப் லைட்டுக்கு நேராகக் கொண்டுபோய்ப் பார்த்தாள். ஒழுங்கில்லாமல் பிய்ந்த தோசை, இழுபடும் எச்சில், சிவப்பாக ஒரு கோடு, நடுவில் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பால் பல். உள்ளங்கை வெதுவெதுத்தது. அருவருப்பாகத்தான் இருந்தது. அந்த நான்கு மாதத்தில் எந்த இரவிலும் இருந்ததைப்போலவே இருந்தது. ஆனாலும் கையை உதறாமல், கடைசிவரை பார்த்து முடித்தாள்.

விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவது அவர்கள் வழக்கம். அந்த நேரத்தில் சாணிக்கு எங்கே போவது. பல்லை மட்டும் கழுவி, வாசலில் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் போட்டாள். அது சிமெண்ட் ஷீட்டில் டொக்கென்று விழுந்து, நிற்காமல், ஏழாம் நம்பர் மேலே, எட்டாம் நம்பர் மேலே, எட்டு மணிக்கே தூங்கிப்போன பிள்ளைகளின் தலைகளுக்கு மேலே கடகடவென்று உருண்டது. வீடு வீடாகப் பெண்கள் டிவியின் சத்தத்தைக் குறைத்து மேலே பார்த்தார்கள்.

உள்ளே வந்தபோது சுவரில் தட்டும் சத்தம் கேட்டது.

"விழுந்துருச்சா?" என்றாள் வசந்தாமணி.

"விழுந்துருச்சுக்கா."

"தின்னுட்டாளா?"

"முக்கால் தோசை இருக்குது."

"எனக்கு இந்தக் கட்டுல கழுத்தெல்லாம் நோவுது" என்றது சுவர். "நாளைக்கு அகலமான துண்டா ரெண்டு எடுத்து வெய்யி."

இந்திராணி சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினாள். பிறகு திரும்பி வந்து சம்மணமிட்டு உட்கார்ந்து, ஆறிய தோசையில் இன்னொரு துண்டு கிள்ளினாள். மணி ஒன்பது பத்து.